பின்னால் யாருமில்லை

"எனக்கு நடக்கச் சொல்லிக் குடுக்கணும்" என்றார் கனகசபை.

செவனம்மா களத்தில் காப்பிப் பழத்தைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பஸ்சு கீழேயே நின்னுருமே. இம்புட்டுத் தூரம் எப்படி வந்தீங்க?"

"நடந்துதான்."

"அப்புறம் என்ன?"

அவருக்கு வயது அறுபத்தொன்று. அவளுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. தோட்டத்தில் பழம் பறிக்கும் எல்லாப் பெண்களையும் போலத்தான் இருந்தாள்.

பேருந்தில் நான்கு மணி நேரம் அவர் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்து வந்த வாக்கியம் வேறு. சின்ன வாக்கியம். களத்து ஓரம் வந்து நின்றதும் அது தொண்டையில் உட்கார்ந்துகொண்டு, தனக்குப் பதிலாக இன்னொன்றை வெளியே அனுப்பிவிட்டது.

"ஒன்பது முடி நடக்கணும்" என்றார்.

"அதுக்குச் சொல்லிக் குடுக்க ஊருக்குள்ள நிறைய ஆள் இருக்காங்க. மூச்சு எப்படி விடணும், என்ன தின்னணும், எல்லாம் சொல்லுவாங்க. எனக்குக் கடைசியா நடக்க மட்டும்தான் தெரியும்."

"அதையே சொல்லிக் குடுங்க."

இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"அதை எவனும் கேட்டதில்ல" என்றாள்.

*

ஒன்பது முடி நடை என்பது ஒரு பகல். மேற்கு அடிவாரத்தில் விடியும்போது கிளம்பி, ஒன்பது மலை முடிகளை ஏறி இறங்கி, கிழக்கு அடிவாரத்தில் பொழுது அடைவதற்குள் போய்ச் சேர வேண்டும். முப்பத்தெட்டு கிலோமீட்டர். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர் ஊராக ஆட்கள் வருவார்கள்.

முடிக்கு ஒரு மேசை. மேசைக்கு ஒரு நோட்டு, ஒரு ரப்பர் முத்திரை. கழுத்தில் தொங்கும் சீட்டில் ஒன்பது முத்திரையும் விழுந்தால் பதக்கம். இரண்டு மணிக்குள் ஐந்தாம் முடிக்கு வராதவர்களை அங்கே ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவார்கள்.

எல்லாருக்கும் பின்னால் ஒரு ஆள் நடக்கும். வழி தெரிவதற்காகக் கிளைகளில் கட்டியிருக்கும் சிவப்புத் துணிகளை அவிழ்த்துக்கொண்டே வரும். ஒவ்வொரு மேசையிலும் நின்று, பின்னால யாருமில்ல என்று வாய்விட்டுச் சொல்லும். அதைச் சொன்ன பிறகுதான் மேசையை மடக்குவார்கள்.

ஒன்பது வருஷமாக அந்த ஆள் செவனம்மா.

"இந்த வருசம் என்னைத் தனியா விடமாட்டாங்களாம்" என்றாள். "கூட ஒரு ஆள் வேணுமாம். ஊர்ல கேட்டாச்சு. ஒருத்தரும் வரல."

"ஏன்?"

தெரிந்துகொண்டே கேட்டார். கேட்ட பிறகு நாக்கு கசந்தது.

"போன வருசம் ஒரு ஆளைத் தொலைச்சிட்டேன்."

அவள் மறுபடியும் பழத்தைக் கிளறத் தொடங்கினாள்.

"உங்க பேரு?"

"கனகசபை."

போன வருஷத்து நோட்டில் அந்தப் பெயரும் இருந்தது. அவள் நோட்டைப் படித்திருக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. போன வருஷம் அவருக்குத் தாடி கிடையாது.

*

தொலைந்த ஆளின் பெயர் சவரிமுத்து.

இருபத்தெட்டு வருஷம் இருவரும் ஒரே நூற்பாலையில் ஒரே ஷிப்ட். ஒருவன் வரத் தாமதமானால் மற்றவன் அவனுடைய அட்டையையும் எடுத்து நேரம் பதிந்துவிடுவான். அதற்கு நன்றிகூடச் சொல்லிக்கொண்டதில்லை. வெற்றிலை மாற்றிக்கொள்வதுபோல அது ஒரு பழக்கம்.

போன வருஷம், ஐந்தாம் முடிக்குக் கால் மணி நேரம் கீழே, சுனைக்குப் பிரியும் தடத்தில் சவரிமுத்து நின்றார். முழங்கால் வீங்கியிருந்தது.

"நீ போடா சபை. கொஞ்சம் தண்ணியில காலை வச்சிட்டு வர்றேன்" என்று சொல்லித் தோள்பையைக் கழற்றிக் கொடுத்தார். மணி ஒன்று முப்பத்தைந்து.

சீட்டு பைக்குள் இருந்தது. கயிறு கழுத்தை அறுக்கிறது என்று காலையிலேயே கழற்றிப் போட்டிருந்தார்.

ஐந்தாம் முடியில் கனகசபை இரண்டு சீட்டையும் நீட்டினார். மேசையில் இருந்தவன் தலையைத் தூக்கவில்லை. இரண்டிலும் முத்திரை குத்தி, இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதினான்.

"ஆளு?"

"பின்னாலயே வர்றான்."

மேலே நிற்க முடியாத காற்று. ஆறாம் முடியில் காத்திருக்கலாம் என்று நடந்தார். அங்கே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலியோடு ஜீப்பில் இறங்கியிருப்பான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியது வசதியாகவும் இருந்தது. ஒன்பதாவது முத்திரையை ஐந்து நாற்பதுக்கு வாங்கினார். கழுத்தில் பதக்கம் போட்டார்கள்.

பொழுது சாய்ந்து ஆள் வரவில்லை என்றதும் கேட்டார்கள்.

"கடைசியா எங்க பாத்தீங்க?"

"அஞ்சாம் முடியில" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பதை ஒரு வருஷமாக யோசித்துவிட்டார். பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. பதக்கம் கழுத்தில் இருந்தது. அவ்வளவுதான்.

நோட்டும் அதையே சொன்னது. ஆகவே இரண்டு நாள் ஐந்தாம் முடிக்கு அந்தப் பக்கம் தேடினார்கள். அந்த இரண்டு நாளும் கனகசபை சவரிமுத்துவின் மனைவியோடு கீழே ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அடுத்த மணிக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மணியாகப் போனது. மூன்றாம் நாள் காலையில், இந்தப் பக்கம், நாலாம் முடிக்குக் கீழே ஒரு புல்சரிவின் அடியில் ஆடு மேய்ப்பவர்கள் கண்டெடுத்தார்கள். ஒரு நாளுக்கு மேல் உயிரோடு கிடந்திருப்பார் என்றார் டாக்டர்.

ஐந்தாம் முடியில் முத்திரை வாங்கியவர் எதற்காகத் திரும்பி வந்தார் என்று எல்லாரும் யோசித்தார்கள். எதையோ மறந்து எடுக்க வந்திருப்பார் என்று முடிவானது. திரும்பி வந்தவர் கடைசி ஆளைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். ஒற்றையடிப் பாதை. எதிரே வந்த மனுஷனைப் பார்க்காமல் அவள் எங்கே போய் உட்கார்ந்திருந்தாள் என்று கேட்டார்கள்.

தோள்பையைச் சவரிமுத்துவின் மனைவியிடம் கொடுத்தபோது கனகசபை சீட்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுத்தார்.

அவர் கொண்டுவந்த வாக்கியம் இதுதான்: சவரிமுத்துவின் சீட்டில் ஐந்தாவது முத்திரையை வாங்கியது நான்.

*

செவனம்மா அவரைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையோரம் ஒரு கல்லில் உட்காரவைத்தாள்.

"நடக்க வேணாமா?" என்றார்.

"முதல்ல உக்காருங்க. யாரு மேல போறாங்க, யாரு கீழ வர்றாங்கன்னு பாருங்க."

சாயங்காலம் வந்து கேட்டாள்.

"பதினொரு பேர் போனாங்க. ஒன்பது பேர் வந்தாங்க" என்றார்.

"மீதி ரெண்டு பேரு?"

"வேற வழியா இறங்கியிருப்பாங்க."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அப்படித்தான இருக்கும்."

"நாளைக்கும் உக்காருங்க."

மறுநாள் அவர் உற்சாகமாக இருந்தார்.

"பதினாலு பேர் போனாங்க. பதினாலு பேர் வந்தாங்க."

"தொகை சரி. ஆளு சரியா?"

காலையில் நீலச் சட்டை போட்ட ஒருத்தி பாடிக்கொண்டே ஏறினாள். அந்த நீலச் சட்டை இறங்கியதா என்று நினைத்துப் பார்த்தார். தெரியவில்லை.

"நாளைக்கும்."

மூன்றாம் நாள் அவர் முகங்களைப் பார்த்தார். செருப்புகளைப் பார்த்தார். யார் எந்தக் கையில் தூக்குப் பாத்திரம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். வெயில் இறங்கியதும் கல்லைவிட்டு எழுந்துவிட்டார்.

"ஒரு அம்மா வரல. பச்சைச் சட்டை. இடது காலைச் சாய்ச்சு நடப்பாங்க. பறிக்கிறவங்க எல்லாரும் வந்தாச்சு, அவங்க மட்டும் வரல." "போய்ப் பாக்கணும்."

சொல்லிக்கொண்டே ஏறத் தொடங்கிவிட்டார். செவனம்மா அவர் பத்தடி போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், திரும்புங்க. அது எங்க அக்கா. அவ வீடே மேலதான்."

அவர் திரும்பி வந்து கல்லில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தார்.

"நடக்கிறதுக்கு எப்ப வரணும்?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை விடிய" என்றாள்.

*

மேற்கு அடிவாரத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர். பவுன்ராஜ் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தான். நடையை நடத்தும் குழுவில் அவன் பெரிய ஆள். இங்கே வேலை முடிந்ததும் ஜீப்பில் ஏறி ஐந்தாம் முடி மேசைக்குப் போய்விடுவான். போன வருஷம் தலையைத் தூக்காமல் முத்திரை குத்தியவன் அவன்தான்.

கனகசபை தாடியைத் தடவிக்கொண்டார்.

"என்ன செவனம்மா, சிஷ்யப்பிள்ளை எல்லாம் வச்சிருக்க?" என்றான் பவுன்ராஜ். "தலை உன்னைவிட நரைச்சிருக்கே."

"மலைக்கு நரை தெரியாது. சீட்டைக் குடுத்து முடி."

"இவரையாச்சும் பத்திரமா வச்சுக்க."

பக்கத்தில் தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த ஒருவன் கனகசபையிடம் குனிந்து சொன்னான்:

"எதிரே ஆனை வந்தா நீங்களே பாத்துச் சொல்லிருங்க சார். அக்காவுக்குத் தெரியாது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். செவனம்மா துணி போடும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கனகசபை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்தவர்கள் நிறுத்தும்வரை நின்றார்.

கூட்டம் கிளம்பிப் போன பிறகு இருவரும் கிளம்பினார்கள்.

"நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாங்க" என்றாள்.

"நீங்கதான கடைசி ஆள்?"

"இன்னைக்கு நீங்க."

*

கடைசியாகப் போனது ஒரு புது ஜோடி. அந்தப் பெண் வேகமாக நடந்தாள். அவன் நின்று நின்று படம் எடுத்தான்.

"மலையை வீட்டுக்குப் போய்ப் பாக்கலாம்னு இருக்கீங்களா?" என்று அவள் கேட்டது பின்னால் வரைக்கும் கேட்டது.

முதல் ஏற்றத்திலேயே கனகசபை அவர்களை நெருங்கிவிட்டார். செவனம்மா கையை நீட்டி அவரை நிறுத்தினாள்.

"நம்ம காலடி அவங்களுக்குக் கேக்கக் கூடாது. கேட்டா ஓடுவாங்க. ஓடுனா விழுவாங்க."

"அப்ப ரொம்பத் தள்ளி வரலாமா?"

"அவங்க கூப்பிட்டா நமக்குக் கேக்கணும்."

"ரெண்டும் எப்படி?"

"அந்தத் தூரத்தைத்தான் ஒன்பது வருசமாப் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் துணிகளை அவிழ்க்கக் கற்றுக்கொண்டார். பனியில் நனைந்த முடிச்சு விரலுக்கு வசப்படாது. பல்லால் இழுக்கக் கூடாது, கிழிந்துவிடும் என்றாள். கிளைத்தடம் வந்த இடத்திலெல்லாம் நின்றாள். உள்ளே இருபது முப்பது அடி போய், யாராச்சும் இருக்கீங்களா என்று கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

"ஒவ்வொண்ணுலயுமா?" என்றார்.

"போன வருசத்துக்கு அப்புறம்."

முதல் முடி மேசையில் அவரை முன்னே தள்ளினாள்.

"சொல்லுங்க."

"நானா?"

"நான் உங்களுக்கு முன்னாலதான நடந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் திரும்பிப் பார்த்தார். பாதை வெறுமையாக இருந்தது.

"பின்னால யாருமில்ல" என்றார்.

மேசையை மடக்கினார்கள். எளிதாக இருந்தது. இரண்டாம் முடியிலும் சொன்னார். மூன்றாம் முடியில் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்தது. நாலாம் முடியில் அவர் நெடுநேரம் திரும்பிப் பார்த்ததைக் கண்டு மேசைக்காரர், "என்னங்க, யாரும் வர்றாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றார் கனகசபை. "பின்னால யாருமில்ல."

கடைசியாக நடப்பவனுக்குப் பின்னால் மலை முழுக்க இருக்கிறது. அவர் முதுகு அதை நாள் முழுக்க உணர்ந்தது.

*

நாலாம் முடி தாண்டியதும் மஞ்சு இறங்கியது. முதலில் பள்ளத்தை மூடியது. பிறகு மரங்களை. பிறகு செவனம்மாவின் முதுகு மட்டும் மிச்சம் இருந்தது. முன்னால் போகும் ஜோடியின் பேச்சு இப்போது எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை.

பாதை மூன்றாகப் பிரியும் இடத்தில் அவள் நின்றாள்.

"நடுவுல போறது அஞ்சாம் முடி. இடது பக்கம் பழைய தோட்டம். வலது பக்கம் புல்சரிவு. இங்க துணி இல்லேன்னா எனக்கே சந்தேகம் வரும்" என்றாள். "முதல்ல சுனையைப் பாத்துட்டு வருவோம்."

சுனைத்தடம் அந்த இடத்திலிருந்தே கீழே இறங்கியது. முப்பது அடிதான். பாறை மறைத்தது. அவள் கூப்பிட்டாள். பாறை அவள் குரலைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடியும் கூப்பிட்டாள்.

பிறகு பாறையில் உட்கார்ந்தாள். கனகசபையும் உட்கார்ந்தார். இந்தப் பாறையில்தான் அவன் உட்கார்ந்து தண்ணீரில் காலை வைத்திருப்பான் என்று நினைத்தார்.

"போன வருசம் இதுக்குள்ள நான் வரல" என்றாள் அவள். "மணி ரெண்டை நெருங்குது, முன்னால ஒரு பொண்ணு அழுதுகிட்டே நடக்குது. நேரா மேல போயிட்டேன். மேசையில கேட்டேன், வர வேண்டியது யாருன்னு. எல்லாரும் வந்தாச்சுன்னு நோட்டைக் காட்டுனாங்க. நோட்டைப் பாத்துச் சொன்னேன், பின்னால யாருமில்லன்னு."

அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"அன்னைக்கு ராத்திரியே சொன்னேன், சுனைப் பக்கம் பாக்கணும்னு. அவரு அஞ்சாம் முடி தாண்டிட்டாரு, கூட வந்தவரே சொல்றாரு, நீ என்ன பெருசான்னாங்க. சரின்னுட்டேன்."

"நீங்க..." என்றார் கனகசபை.

"அப்புறம் பாத்தா இந்தப் பக்கம் கிடக்காரு. அப்ப என்னைத் தாண்டித்தான வந்திருக்கணும். ஒரு மனுசன், வேட்டியைக் கட்டிக்கிட்டு, என் எதிரே, ஒத்தையடிப் பாதையில வந்திருக்காரு. நான் பாக்கல." அவள் காலால் ஒரு கல்லைத் தள்ளினாள். அது தண்ணீரில் விழுந்தது. "டவுனுக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். எழுத்தெல்லாம் வாசிக்கச் சொன்னாங்க. சின்ன எழுத்து வரைக்கும் வாசிச்சேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு அனுப்பிட்டாங்க."

இன்னொரு கல்லையும் தண்ணீரில் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"நல்லா இருக்குன்னா எப்படி?"

கனகசபை குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார். பல்லெல்லாம் கூசியது. குடித்துக்கொண்டே இருந்தார். குடிக்கும்வரை பேச வேண்டியதில்லை.

"அவரைத் தூக்குனப்ப நானும் ஒரு கை பிடிச்சேன்" என்றாள் செவனம்மா. "கழுத்துல சீட்டு இல்ல. சட்டைப்பையில இல்ல. அந்தச் சரிவு முழுக்கத் தேடினேன். அஞ்சு முத்திரை வாங்குன சீட்டை எவனாச்சும் தூக்கிப் போடுவானா சார்?"

அவர் நிமிர்ந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்க போயிருக்கும்னு நினைக்கிறீங்க?"

தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தெரியலம்மா" என்றார்.

"ம்" என்றாள்.

*

மேலே ஏறி மூன்று பாதை பிரியும் இடத்துக்கு வந்தார்கள். நடுப்பாதையின் வாயில் ஒரு கிளையில் சிவப்புத் துணி. மஞ்சுக்குள் அது ஒன்றுதான் நிறம்.

"அவுங்க" என்றாள். அவள் நடுப்பாதையில் பத்தடி முன்னால் போய்விட்டாள். ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது.

அவர் முடிச்சில் கை வைத்தார். நனைந்து இறுகியிருந்தது. நகத்தால் கிளறினார். ஒரு நுனி தளர்ந்தது. இழுத்தார். துணி கையோடு வந்தது.

கிளை மற்றக் கிளைகளைப்போல ஆகிவிட்டது.

அவர் அப்படியே நின்றார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். மூன்றும் ஒன்றுபோல வெள்ளையாக இருந்தன. சவரிமுத்து கால் தவறி விழுந்தான் என்றுதான் ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். விழுவது ஒரு நொடி வேலை. சுனையிலிருந்து நொண்டிக்கொண்டே ஏறி வந்து, இங்கே நின்று, துணியைத் தேடி, சபை, சபை என்று கூப்பிட்டிருப்பான் என்று நினைத்ததில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லை. கடைசி ஆளும் போயாகிவிட்டது. நோட்டில் எல்லாரும் வந்தாகிவிட்டது.

வலது பக்கம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தது. யாராக இருந்தாலும் அதில்தான் போவான்.

"சார்" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "அவுத்தாச்சா?"

"அவுத்தாச்சு."

"அப்ப வாங்க. அங்க நிக்காதீங்க."

*

ஐந்தாம் முடியில் காற்று மஞ்சைக் கிழித்துக்கொண்டிருந்தது. புது ஜோடி முத்திரை வாங்கி அப்பால் போயாகிவிட்டது. மணி ஒன்று ஐம்பது. பவுன்ராஜ் நோட்டின் மேல் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டுக் கையைத் தேய்த்தான்.

"இருநூத்திப் பதினாலும் வந்தாச்சு. இந்த வருசம் ஜீப்புக்கு ஆளே இல்ல. நல்ல நடை" என்றான். "என்ன செவனம்மா, உன் எதிரே யாரும் வந்தாங்களா?"

அவள் கனகசபையைப் பார்த்து, மேசைப் பக்கம் தலையை அசைத்தாள்.

"இவருதான் சொல்லணுமா? சொல்லுங்க சிஷ்யரே. டீ ஆறுது."

பவுன்ராஜ் குனிந்து மேசையின் ஒரு காலை மடக்கினான்.

கனகசபை வாயைத் திறந்தார்.

"பின்னால..."

காற்று அடித்தது. நோட்டின் தாள்கள் படபடத்தன. காலையிலிருந்து நான்கு தடவை சொன்ன வாக்கியம்தான். சொன்னால் மேசையை மடக்கிவிடுவார்கள். இன்னும் நான்கு முடி. கீழே பேருந்து.

"பின்னால?" என்றான் பவுன்ராஜ்.

அவர் பையின் உள்ளறையில் கைவிட்டார். எடுத்ததை நோட்டின் மேல், டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். கயிறு சுற்றிய ஒரு சீட்டு. மூலைகள் மழுங்கியிருந்தன. அதில் ஐந்து முத்திரைகள் வரிசையாக இருந்தன. அதற்குப் பிறகு நான்கு வெறும் கட்டங்கள்.

"பின்னால ஒருத்தன் இருந்தான்" என்றார். "சுனையில விட்டுட்டு வந்தேன். அவன் சீட்டையும் நான்தான் நீட்டினேன்."

பவுன்ராஜ் சீட்டைத் தொடவில்லை. அதன் எண்ணைப் பார்த்தான். பிறகு, ஒரு வருஷம் கழித்து, தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தான். தாடிக்குள் தேடினான்.

"ரெண்டு நாள்" என்றான். "ரெண்டு நாள் நாங்க அந்தப் பக்கம்..."

அவன் மடக்கிய மேசைக்காலை மறுபடியும் விரித்தான். எதற்கென்று அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

கனகசபை திரும்பி செவனம்மாவைப் பார்த்தார். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

அவள் சீட்டை எடுத்து ஐந்தாவது முத்திரையைக் கட்டைவிரலால் தடவினாள். அழியவில்லை. பிறகு வந்த வழியைப் பார்த்தாள். துணி ஒன்றும் இல்லாத பாதை.

"அவரு இங்க வரவே இல்ல."

"இல்ல."

"வந்துட்டுத் திரும்பியும் போகல."

"இல்லம்மா."

அவள் தலைத்துண்டை அவிழ்த்து இரண்டு கண்ணையும் மெதுவாகத் துடைத்துக்கொண்டாள். ஒன்றைத் துடைத்துப் பாதையைப் பார்த்தாள். மற்றதைத் துடைத்துப் பார்த்தாள்.

"அப்ப என் எதிரே யாரும் வரல" என்றாள்.